அக்கா அனுப்பிய வீடு

டப்ளினா, மேற்குக் கடற்கரையோரம் இருக்கும் சின்ன ஊரா, எது வேண்டும் என்று கேட்டு அயர்லாந்திலிருந்து மெயில் வந்தபோது நான் திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில் இருந்தேன். நான்கு படுக்கையிலும் ஆள். மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் அந்த மெயிலை இரண்டு தடவை படித்தேன். நர்ஸ் வேலை உறுதி. இரண்டு ஊரிலும் அவர்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, இரண்டிலும் ஆள் தேவை. பத்து நாளில் பதில் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு லோக்கல் ட்ரெயினில் போய் வந்துகொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா காலமாகி நாலு வருஷம். அப்பா பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகையில் தனியாக, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை என்று இருந்தார். எங்கள் வீட்டில் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. அதனால் அப்பா எங்களுக்கு நைனா. அக்காவின் கணவர் பாவா. அக்காவும் பாவாவும் டப்ளினில் ஒன்பது வருஷமாக இருந்தார்கள். குழந்தை இல்லை.

அக்கா அங்கே இருக்கும்போது ஊரைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"இதுல யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? டப்ளின்னு எழுதி அனுப்பு. நான் இருக்கறேன் இல்ல?" என்றாள் போனில்.

எனக்கு அங்கேதான் முதலில் உறுத்தியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தபோது இதே அக்கா, "டப்ளின் மட்டும் வேணாம். வீடே கிடைக்காது. புள்ளைங்கள வெச்சிகினு அல்லாடுவ. சின்ன ஊரா பாரு" என்று அரை மணி நேரம் சொன்னாள். அந்த ஒரு வருஷத்தில் அந்த ஊர் மாறிவிட்டதா, அக்கா மாறிவிட்டாளா?

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. ஒத்துக்கொள்கிறேன். மருந்து பாட்டிலை எடுக்கும்போது ஒரு தடவை, ஊசியில் ஏற்றும்போது ஒரு தடவை, காலி பாட்டிலைப் போடும்போது ஒரு தடவை என்று பெயரைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். மனுஷர்கள் பேசுவதையும் அப்படித்தான் பார்ப்பேன். ஒருத்தர் போன மாதம் சொன்னதும் இந்த மாதம் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "டப்ளினே போலாம்" என்றார். அது அடுத்த உறுத்தல். தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனால் இரண்டு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போகிற மனுஷர் அவர். பிள்ளைகளோடு கடல் கடந்து போகிற விஷயத்தில் தட்டிலிருந்து கையை எடுக்காமல் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"ஏன்?" என்றேன்.

"அக்கா இருக்காங்க இல்ல?"

அக்காவின் அதே வார்த்தை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று நினைத்தேன். உடனே, சீ, இதில் பேசிவைக்க என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அந்தச் சின்ன ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பெயரை எப்படிச் சொல்வது என்பதே தெரியாது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. வேலை கொடுத்த அயர்லாந்துக்காரர்களிடம் கேட்டதற்கு, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு மலையாளி நர்ஸின் நம்பரைக் கொடுத்தார்கள். அவளும் இரண்டு பிள்ளைக்காரி. தமிழும் மலையாளமுமாகப் பேசினாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. காற்று ஆளைத் தள்ளும். வெயிலை நம்பித் துணி காயப்போட முடியாது. நம் மளிகைச் சாமான் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். "நீங்க யோசிச்சு வரணும் சேச்சி" என்று முடித்தாள்.

இவ்வளவு குறை சொல்கிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அன்று சாயங்காலம் வரை நினைத்தேன். பிறகு, நான் வரக் கூடாது என்று இவளுக்கு ஏதாவது காரணம் இருக்குமோ என்று தோன்றியது. நல்லதாகச் சொல்கிற அக்காவையும் நம்ப முடியவில்லை, கெட்டதாகச் சொல்கிற இவளையும் நம்ப முடியவில்லை.

அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கு ஒரு மெயில் போட்டேன். மகளுக்கு இடம் கிடைக்குமா என்று. மறுநாளே தலைமை ஆசிரியை பதில் எழுதிவிட்டார்: இடம் இருக்கிறது, சந்தோஷமாக வரட்டும், மகளுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுங்கள். அதையும் சந்தேகப்பட்டேன். திருத்தணியில் நல்ல பள்ளிக்கூடம் என்றால் எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கே விடியற்காலையில் வரிசையில் நிற்கிறோம். கேட்டவுடன் இடம் தருகிற பள்ளிக்கூடத்தில் என்ன கோளாறோ? மகளுக்கு என்ன பிடிக்கும் என்று எதற்குக் கேட்கிறார்கள்?

ஐந்தாவது நாள் அக்கா வாட்ஸப்பில் ஏழு போட்டோ அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு வருது. தெரிஞ்சவங்க வீடு. ரெண்டு ரூம் உங்களுக்குன்னு ஒதுக்கிடுவாங்க. கிச்சன் மட்டும் பொது. இந்த மாதிரி மறுபடியும் கிடைக்காது, சொல்லிட்டேன்."

வீடு நன்றாக இருந்தது. மரத் தரை, பெரிய ஜன்னல், பின்னால் ஒரு புல்தரை. ஆனால் எல்லாப் போட்டோவும் ஒரு மாதிரி கிட்டத்தில் எடுத்திருந்தது. அறை முழுசாகத் தெரியாது. ஒரு மூலை, ஒரு ஜன்னல், அலமாரியின் பாதி. சுவரில் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

மகள் என் தோள் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைப் போட்டோ வந்ததும், "பெரிம்மா வீடு" என்றாள்.

"இல்லடா, இது பெரிம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு."

"இல்ல, பெரிம்மா வீடுதான். இதோ ரிப்பன்."

விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். இழுப்பறை ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. அந்த இடத்தில் ஒரு பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அக்கா சமைத்துக்கொண்டே பேசும்போது போனைச் சாய்த்து வைப்பாள். அப்போது அவள் முகத்தைவிட அந்த இழுப்பறைதான் அதிகம் தெரியும். நான் கவனித்ததே இல்லை. மகள் கவனித்திருக்கிறாள்.

பிறகு மற்ற போட்டோக்களையும் பார்த்தேன். திரைச்சீலை, அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த செங்கல் சுவர். அது அக்காவின் வீடுதான். தன் வீட்டையே யாரோ தெரிந்தவர் வீடு என்று எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

எதற்கு? வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு எங்காவது போகிறார்களா? என் பிள்ளைகளைக் கொண்டுபோய் எதில் மாட்டிவிடப் பார்க்கிறாள்? உடனே போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்வாள், அதற்கு முன்னால் எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நைனா வீட்டுக்குப் போனோம். மதியம் சாப்பிட்டதும் அக்காவுக்கு வீடியோ கால். இந்தத் தடவை நான் ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டே பார்த்தேன். நைனா கேட்டார், "மாப்ள எங்கம்மா?"

"டூட்டி நைனா. ஞாயித்துக்கிழமையும் வர சொல்லிட்டாங்க."

போன ஞாயிறும் டூட்டி. அதற்கு முந்தைய ஞாயிறும். யோசித்துப் பார்த்தால் அம்மா திவசத்துக்கு அக்கா பேசியபோதும் பாவா இல்லை. பொங்கலுக்கும் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் எந்த ஊரில் ஞாயிறு தவறாமல் டூட்டி போடுகிறார்கள்? நைனா "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மகனின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலைத் திருத்தும் வேலையாகத் தாலுகா ஆபீஸில் பாதி நாள் போனது. கையில் மகன். அவனுக்குப் பசி. சரி, இவருடைய ட்ரெயின் வருகிற நேரம், சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று ஸ்டேஷனுக்கு நடந்தேன். ட்ரெயின் வந்து கூட்டமெல்லாம் இறங்கிப் போனது. இவரைக் காணோம். பார்த்தால் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். முந்தின ட்ரெயினிலேயே வந்திருக்கிறார். கொஞ்ச நாளாக "ட்ரெயின் லேட்டு" என்று அவர் சொல்லிவந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. என்னென்னவோ நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பக்கத்தில் போனபோது காதில் விழுந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது பாவா. நான் இன்னும் சொல்லல. அங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்."

மகன் "அப்பா" என்று கத்தினான். அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டார்.

"எனக்கு இன்னா தெரியாது?" என்றேன்.

அவர் மகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சமோசா விற்கிறவர் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார். பாவா அந்த வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. வேறு ஊரில் தனியாக இருக்கிறார். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லையாம். இரண்டு பேருக்கும் பேசவே ஒன்றுமில்லாமல் போய்விட்டதாம். அக்காவால் அந்த வீட்டைத் தனியாக வைத்திருக்க முடியவில்லை, விடவும் மனசில்லை. நைனாவுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் போய் அந்த வீட்டில் இருந்தால் அக்காவுக்குத் துணையாக இருக்கும் என்று பாவாதான் இவரிடம் சொல்லியிருக்கிறார்.

"நல்லதுதானேன்னு நெனச்சேன். உங்க அக்காவ நாமதானே பாக்கணும்?"

"பாக்கறது வேற. புள்ளைங்கள எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்குக் கூட்டினு போறோம்னு முடிவு பண்றது நான்னு நெனச்சிகினு இருந்தேன். நீங்க மூணு பேரும் முன்னாடியே முடிவு பண்ணிட்டு, சும்மா பேருக்கு என்னயும் யோசிக்க வெச்சிருக்கீங்க."

"உன்கிட்ட சொன்னா நீ வரமாட்டன்னு அக்காவுக்குப் பயம்."

"உங்களுக்கு?"

அவர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு மூன்று பேரும் நடந்து வந்தோம். மகன் மட்டும் பேசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே வேலையிடத்தில் அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். மாடியிலிருந்து பார்த்தால் கோயில் மலைப்பாதையில் வண்டிகள் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அந்த வீட்டு ஓனர் நம்பர் குடு. நானே பேசறேன்" என்றேன்.

"அவங்க உன்கிட்டல்லாம் பேசமாட்டாங்க. நான் பேசிக்கறேன்."

"ரிப்பன் கட்டின டிராயர மாத்தி குடுப்பாங்களான்னு கேக்கணும்."

யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"உன்ன ஏமாத்தணும்னு இல்லடி. நீ வந்து ரெண்டு நாள் இருந்தா நானே சொல்லிருப்பேன். வேலைக்குப் போயி வந்து கதவ சாத்தினா அந்த வீட்ல சத்தமே இல்ல. டிவிய போட்டுட்டு வேற ரூம்ல உக்காந்துகினு இருக்கேன். உன் புள்ளைங்க ஓடினா எப்படி இருக்கும்னு நெனச்சி நெனச்சி பாத்தேன்."

ஆனாலும் கேட்டேன். "என் புள்ளைங்களுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்" என்றாள். "நீ நம்பமாட்ட."

நான் நம்பவில்லைதான். அவள் சொன்னது பொய் என்று இல்லை. ஆனால் அந்த ஏழு போட்டோவையும் எடுப்பதற்கு முன்னால் சுவரில் அந்த ஆணியிலிருந்து கல்யாணப் படத்தைக் கழற்றி வைத்திருக்கிறாள். யோசித்து, நிதானமாகச் செய்த காரியம் அது. அப்படிச் செய்தவளின் வீட்டுக்குள் என் பிள்ளைகளோடு போனால், இருப்பதா கிளம்புவதா என்று நான் முடிவெடுக்கவே முடியாது. அவள் அழுதால் இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது நாள் சின்ன ஊரின் பெயரை எழுதி அனுப்பினேன். அந்த மலையாளி நர்ஸுக்கு மறுபடி போன் செய்து, "அவ்வளவு கஷ்டம்னா நீங்க ஏன் இன்னும் அங்கயே இருக்கீங்க?" என்று நேராகவே கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். போன வருஷம் ஒருத்திக்கு எல்லாம் நல்லதாகச் சொல்லிக் கூட்டிவந்ததாகவும், அவள் ஒரு மாதம் தினமும் வந்து அழுததாகவும், அதிலிருந்து யார் கேட்டாலும் கெட்டதை மட்டும் சொல்வது என்று வைத்திருப்பதாகவும் சொன்னாள். "என் பிள்ளைகள் இங்க இருந்து வரமாட்டாங்க" என்றாள். அதைக் கொஞ்சம் நம்பினேன்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறுகளில் நைனாவோடு மட்டும் பேசினாள். வீட்டுக்காரர் எதையும் மறைப்பதில்லை என்று காட்டுவதற்காக யார் போன் செய்தாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஆரம்பித்தார். கம்பெனி சூப்பர்வைசர் திட்டுவதையெல்லாம் நான் கேட்க வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் நைனாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வரப்பு வழியாக ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் வருகிற நேரம் பார்த்து, "பெரியவ தனியா இருக்கா. நீ வேற ஊர்ல இருந்தாலும் அப்பப்ப போய் பாத்துக்கோ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னாங்க நைனா?"

"எவனும் சொல்லல. இத்தினி மாசமா மாப்ள டூட்டின்னா, நான் இன்னா கொழந்தயா? அவளா சொல்றப்ப சொல்லட்டும். எனக்குத் தெரியும்னு நீ சொல்லிக்காத."

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் வயலைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

டப்ளின் ஏர்போர்ட்டில் இறங்கி வெளியே வந்தால், அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் எனக்கு ஒரு தடித்த கோட்டு. இளைத்திருந்தாள். "போட்டுக்கோ, வெளிய காத்து" என்றாள். இரண்டு மாதம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. என்னோடு ட்ரெயினில் அந்தச் சின்ன ஊர் வரைக்கும் வந்தாள். இரண்டு நாள் லீவு போட்டிருந்தாளாம். வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாச் சுவரிலும் கையை வைத்து ஈரம் பார்த்தாள். குழாயைத் திறந்து வெந்நீர் வரும் வரை நின்றாள். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். ஒரு வீட்டின் ஓனர் கிழவர் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து வைத்ததும் என் காதோரமாக, "இவன் ஏன் இவ்ளோ சிரிச்சிகினு இருக்கான்? இந்த வீட்ல இன்னாவோ இருக்குது" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நாலு வீடு பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் கிழவரின் வீட்டையே எடுத்தோம். சமையலறைக் கூரை ஒழுகியது. மற்றபடி சிரிப்பில் ஒன்றுமில்லை.

பிள்ளைகளும் என் வீட்டுக்காரரும் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மகன் முதல் குளிர்காலம் முழுவதும் இருமினான். நான் டப்ளினையே எழுதியிருக்கலாமோ என்று ஒவ்வொரு இருமலுக்கும் நினைத்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. இப்போது நிறுத்த முடியவில்லை. வீட்டுக்காரருக்கு ஒரு மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை. கையெல்லாம் வெடிக்கிறது, ஆனால் நடந்து போய் வரும் தூரம். அக்கா அந்தப் பெரிய வீட்டை விட்டுவிட்டு டப்ளினிலேயே தன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்கு மாறிவிட்டாள். மாதத்தில் இரண்டு தடவை வருவாள். பிள்ளைகள் ஓடுகிற சத்தத்தில் தலைவலிக்கிறது என்று ஞாயிறு மதியமே கிளம்பிவிடுவாள். பாவா திரும்பி வரவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அக்கா நைனாவுக்குப் போன் செய்தாள். எங்களிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நைனா, "அப்டியாம்மா! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். சத்தமாக, தெருக்கூத்தில் வசனம் பேசுகிற மாதிரி. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

போனை வைத்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நைனாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படி தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த சாம்பாரைக் கிளறப் போனேன். அவள் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.